கர்னலுக்கும் ஒரு வில்லங்கச் சான்று

ஒரு சர்வரில் நிறுவியிருக்கும் லினக்ஸ் கர்னல் பொதியின் எண் 3.16.36 என்று தொடங்குகிறது. பாதுகாப்புச் சோதனைக்காக ஒரு ஸ்கேனரை ஓட்டினால், 'டர்ட்டி கவ் ஓட்டை அடைபடவில்லை' என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வருகிறது. சர்வரைப் பார்த்துக்கொள்பவரோ, அதை 2016 அக்டோபரிலேயே அடைத்தாயிற்று என்கிறார். யாரை நம்புவது?

அந்த சர்வரில் இருப்பது டெபியன் 8 என்றால், பெரும்பாலும் பார்த்துக்கொள்பவர் சொல்வதுதான் சரி. ஸ்கேனர் பொய் சொல்லவில்லை, எண்ணில் பாதியைத்தான் படித்தது. லினஸ் டார்வால்ட்ஸும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் வெளியிடும் மூலக் கர்னலின் 3.16 வரிசையில், டர்ட்டி கவ் என்ற பாதுகாப்பு ஓட்டை அடைபட்டது 3.16.38-இல். அதனால் 36 என்றாலே ஓட்டை உண்டு என்பது ஸ்கேனரின் கணக்கு. டெபியன் 38-க்குத் தாவவில்லை. கையில் இருந்த 3.16.36-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை அதன்மேல் சேர்த்து, 2016 அக்டோபர் 19 அன்று 3.16.36-1+டெப்8யு2 என்ற எண்ணில் வெளியிட்டது. சங்கதி முழுக்க அந்த வாலில் இருக்கிறது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அதே சர்வரில் யூநேம் -ஆர் என்று கேட்டால் 3.16.36 என்றுகூட வராது. 3.16.0-4-ஏஎம்டி64 என்றுதான் வரும். அது பதிப்பு எண் இல்லை. வெளியிலிருந்து சேர்க்கும் மாட்யூல்கள் இந்தக் கர்னலோடு ஒத்துப்போகுமா என்பதற்கான அடையாளம், அவ்வளவே. டெபியன் 8-இல் எத்தனையோ திருத்தங்கள் வந்தபோதும் அந்த 3.16.0-4 நெடுநாள் மாறவே இல்லை. யூநேம் -வி என்று கேட்டால்தான் வாலோடு சேர்த்து முழு எண்ணும், அந்தப் பொதியின் தேதியும் தெரியும். பொதிப் பட்டியலில் புதிய எண் இருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. சர்வரை மறுபடி துவக்காதவரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தான்.

ஆக, டெபியன் போன்ற ஒரு டிஸ்ட்ரோ தரும் கர்னல் என்பது மூலக் கர்னலின் ஏதோ ஒரு பதிப்பும், அதன்மேல் அந்த டிஸ்ட்ரோ போட்ட பேட்ச்களும் சேர்ந்தது. பேட்ச் போடுவது கர்னல் வேலை தெரிந்தவர்களுக்குப் பெரிய காரியம் இல்லை. எந்த பேட்ச் எங்கிருந்து வந்தது, ஏன் போட்டோம், இன்னும் வேண்டுமா என்பதை வருடக்கணக்கில் கணக்கு தவறாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கு வழக்கைப் பற்றியது.

முதலில் ஒரு நியாயமான கேள்வி. மூலக் கர்னலை வந்தது வந்தபடி எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே? மூலக் கர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. வங்கியும் மருத்துவமனையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடித்தளம் 2018 ஆகஸ்டில் வந்த 4.18 கர்னல். அந்த டிஸ்ட்ரோவுக்கான ஆதரவு 2029 வரை நீள்கிறது. இடைப்பட்ட காலத்தில் புதிய வன்பொருளுக்கான டிரைவர்களும் பாதுகாப்புத் திருத்தங்களும் பின்னால் வந்த கர்னல்களிலிருந்து எடுக்கப்பட்டு, பழைய 4.18-க்கு ஏற்றபடி வெட்டித் தைக்கப்படுகின்றன. இந்த வேலைக்கு பேக்போர்ட் என்று பெயர். எண்ணைப் பார்த்தால் 4.18, உள்ளே போய்ப் பார்த்தால் பாதி வேறு கர்னல்.

பேட்ச் என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இந்தக் கோப்பில், இந்த இடத்தில், இந்த வரியை எடு, அந்த வரியைப் போடு என்பதைக் கழித்தல் குறியும் கூட்டல் குறியும் இட்டுச் சொல்கிறது. இடம் தெரிவதற்காக மேலும் கீழும் மூன்று வரிகளைச் சேர்த்துக் காட்டுகிறது. பேட்ச் போடும் கருவிக்கு இவ்வளவு போதும், ஆனால் ஐந்து வருடம் கழித்து அதைப் பார்க்கும் மனிதருக்கு இது எதையும் சொல்லாது. மனை வாங்கப் போகிறவர் சர்வே எண்ணையும் அளவையும் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதில்லை. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, மேலே கடன் உண்டா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். பேட்ச்சின் தலையில் எழுதும் சில வரிகள் செய்வது அந்த வேலையைத்தான். அந்தத் தலைக்குறிப்பு இல்லாத பேட்ச்சை எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

நிஜமான ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். டெபியனின் கர்னல் மூலத்தில் பேட்ச்கள் இருக்கும் கோப்புறைக்குள் 'டெபியன்' என்றே ஒரு உட்பிரிவு உண்டு. மூலக் கர்னலில் இல்லாத, டெபியன் தன் விருப்பப்படி செய்துகொண்ட மாற்றங்களுக்கான இடம் அது. பிழைத் திருத்தங்களுக்கும் புதிய வசதிகளுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இந்த 'டெபியன்' பிரிவுக்குள் இணைப்புப் பாதுகாப்பை இயல்பாகவே இயக்கி வைக்கும் ஒரு பேட்ச் இருக்கிறது. 2012 நவம்பரில் டெபியன் கர்னல் குழுவின் பென் ஹட்சிங்ஸ் எழுதியது. மாற்றம் இரண்டே வரிகள்தான். கோப்பு முறைமையின் ஒரு நிரலில் இரண்டு மாறிகளின் மதிப்பு பூச்சியமாக இருந்தது, அதை ஒன்றாக்கியிருக்கிறார்.

இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. லினக்ஸில் எல்லோரும் எழுதக்கூடிய டெம்ப் அடைவு ஒன்று உண்டு. அதில் ஒரு விஷமி முன்கூட்டியே ஒரு குறியீட்டு இணைப்பைப் போட்டு வைப்பார். பெயர் ஏதோ தற்காலிகக் கோப்பின் பெயர் மாதிரி இருக்கும், காட்டுவதோ முக்கியமான ஒரு கணினிக் கோப்பை. ரூட் அதிகாரத்தில் ஓடும் ஒரு நிரல் அந்தப் பெயரில் எழுதப் போனால், எழுத்து போய் விழுவது அந்த முக்கியமான கோப்பில். பல வருடங்களாக இருந்துவந்த இந்தத் தந்திரத்தைத் தடுக்க, கர்னல் நிரலாளர் கீஸ் குக் முன்வைத்த பாதுகாப்பு 2012 செப்டம்பர் இறுதியில் வெளியான 3.6 கர்னலில் சேர்ந்தது. அப்போது அது இயல்பாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த மாதமே சிக்கல் வந்தது. ஜெர்மனியின் வானிலை ஆய்வுத் துறை கோப்புகளைப் பல இடங்களுக்கு அனுப்புவதற்காக வைத்திருந்த ஏ.எஃப்.டி. என்ற மென்பொருள் இந்தப் பாதுகாப்பால் வேலை செய்யாமல் நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கர்னல் உடைக்கக் கூடாது என்பது லினஸின் பிடிவாதமான கொள்கை. பாதுகாப்பு நிரலில் இருக்கட்டும், ஆனால் இயல்பில் அணைந்திருக்கட்டும், வேண்டும் என்கிற டிஸ்ட்ரோக்கள் தாங்களே இயக்கிக்கொள்ளட்டும் என்று அவர் மதிப்பைப் பூச்சியமாக்கினார். டெபியன் அதை மறுபடியும் ஒன்றாக்கியது.

இப்போது அந்தப் பேட்ச்சின் தலைக்குறிப்பைப் பாருங்கள். யார் எழுதினார், என்று எழுதினார், டெபியனின் பிழைப் பட்டியலில் இதற்கான எண் எது என்று வரிசையாக இருக்கிறது. லினஸின் எந்த மாற்றத்தை இது திருப்பிப் போடுகிறது என்பது அதன் 40 எழுத்து அடையாளத்தோடும் தலைப்போடும் எழுதப்பட்டிருக்கிறது. மூலக் கர்னலுக்கு அனுப்பினோமா என்ற இடத்தில் 'தேவையில்லை' என்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஒற்றைச் சொல்தான் இந்தத் தலைக்குறிப்பிலேயே விலைமதிப்புள்ளது. அனுப்ப மறந்துவிட்டோம் என்பதற்கும், அங்கே ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்தே அனுப்பவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அது சொல்லிவிடுகிறது. புதிதாகச் சேரும் ஒருவர் உற்சாகத்தில் இந்தப் பேட்ச்சை லினஸுக்கு அனுப்பி வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் காப்பாற்றுவதும் அதுதான்.

அதே பேட்ச் ஜென்டூ லினக்ஸிலும் இருக்கிறது. ஜென்டூ தன் பேட்ச்களை ஜென்பேட்ச்சஸ் என்ற தொகுப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கோப்புப் பெயரின் முன்னால் நான்கு இலக்க எண் உண்டு. எண்ணே வகையைச் சொல்லும்: 1000-இல் தொடங்கினால் மூலக் கர்னலின் நிலையான வரிசையிலிருந்து வந்தது, 1500 முதல் பாதுகாப்பு தொடர்பானது, 2000 முதல் பிணையம், இப்படியே மேலே போகும். நாம் பார்த்த பேட்ச்சுக்கு அங்கே எண் 1510. 0000 என்ற எண்ணில் ஒரு ரீட்மீ கோப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மூன்று வரி: பெயர், எங்கிருந்து, எதற்கு. 1510-க்கு நேராக 'எங்கிருந்து' என்ற வரியில் டெபியனின் 3.16.7 கர்னல் மூலத்துக்கான முகவரி இருக்கிறது. அதற்குப் பின் 4, 5, 6 என்று கர்னல் எங்கோ போய்விட்டது, அந்த முகவரி மட்டும் பழையபடி அப்படியே. பழைய முகவரியை ஏன் மாற்றவில்லை என்று தோன்றலாம். மாற்றக் கூடாது. எடுத்த நேரத்தில் எங்கிருந்து எடுத்தோம் என்பதுதானே அந்த வரியின் வேலை.

இந்தப் பத்துச் சொச்சம் வருடங்களில் பேட்ச்சின் உள்ளடக்கம் அப்படியே இருந்துவிடவில்லை. 2022-இல் வந்த 5.17 கர்னலில் அந்த மாறிகளைச் சுற்றியிருந்த நிரல் இடம் மாறி அமைக்கப்பட்டது, அறிவிப்பு வரியின் எழுத்தே மாறியது. பழைய பேட்ச் அங்கே பொருந்தாது. எடுக்கவேண்டிய வரியே இல்லாதபோது எதை எடுப்பது? இம்மாதிரி நேரங்களில் பேட்ச்சைப் புதுப்பிக்கிறார்கள். நோக்கம் அதே, எழுத்து வேறு. பேட்ச்சில் வெறும் கூட்டலும் கழித்தலும் மட்டும் இருந்திருந்தால் புதுப்பிப்பவர் நோக்கத்தை ஊகிக்க வேண்டியிருந்திருக்கும்.

இந்த நேரத்தில் ஆபத்தான ஒரு வசதியையும் சொல்லிவிட வேண்டும். சுற்றியுள்ள வரிகள் முழுக்கப் பொருந்தாவிட்டாலும், கிட்டத்தட்டப் பொருந்துகிற இடத்தைத் தேடி ஒட்டிவிடும் பழக்கம் பேட்ச் கருவிக்கு உண்டு. கர்னலில் ஒரே மாதிரித் தோற்றமுள்ள நிரல் பகுதிகள் ஏராளம். பக்கத்தில் உள்ள வேறொரு ஃபங்ஷனில் போய் ஒட்டிக்கொண்டு, கம்பைலரும் முனகாமல் கட்டி முடித்துவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். டெபியனின் இன்றைய மூலப்பொதி வடிவத்தில் இந்தக் 'கிட்டத்தட்ட'வுக்கு இடமே இல்லை. அச்சாகப் பொருந்தாத பேட்ச்சைக் கருவி மறுத்துவிடும், ஆள் உட்கார்ந்து பார்த்துப் புதுப்பித்துத்தான் ஆக வேண்டும். கண்டிப்பு அதிகம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். இதில் நான் டெபியன் பக்கம்.

டெபியன் கையாளும் தலைக்குறிப்பு முறைக்கு டெப்-3 என்று பெயர். 2009-இல் எழுந்த விதிமுறை அது. அதற்கு முந்தைய வருடம் வெளிவந்த ஒரு விபரீதத்தைத் தெரிந்துகொண்டால் இப்படி ஒரு விதிமுறையின் அருமை புரியும். அது கர்னலில் நடந்ததில்லை, ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தில் நடந்தது. நினைவகச் சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை காட்டுகிறதே என்று 2006-இல் டெபியனில் இரண்டு வரிகளை முடக்கினார்கள். அவற்றில் ஒன்று, ரகசியச் சாவிகளுக்கான தற்செயல் எண்களைக் கலக்கும் வரி. விளைவாக, சாவி உருவாக்கத்தில் மாறக்கூடியதாக மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும்தான். ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,767 சாவிகளுக்கு மேல் உருவாக வாய்ப்பே இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். 2008 மே மாதம் இது அம்பலமாகும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகள் உலகம் முழுக்கப் பரவியிருந்தன.

மாற்றம் மூல ஆசிரியர்களின் பட்டியலில் பேசப்படாமல் இல்லை. ஆனால் முறையான ஒரு பேட்ச்சாக, நோக்கமும் விளைவும் எழுதி, பார்த்தோம் சரி என்று யாரும் ஒப்பமிட்டு முடிந்த விஷயமாக அது ஆகவில்லை. அந்தக் காலத்துப் பொதி வடிவத்தில் டெபியனின் எல்லா மாற்றங்களும் ஒரே பெரிய வித்தியாசக் கோப்பில் கலந்து கிடக்கும் என்பது இன்னொரு குறை. வெளியிலிருந்து ஒருவர் பார்த்தால் பத்தோடு பதினொன்றாகத்தான் அந்த இரண்டு வரிகள் தெரிந்திருக்கும். எங்கிருந்து வந்தது, மூலத்துக்கு அனுப்பினோமா, யார் சரிபார்த்தார், கடைசியாக எப்போது தொட்டோம் என்ற டெப்-3-இன் இடங்கள் ஒவ்வொன்றும் அந்தச் சம்பவத்தில் கேட்கப்படாமல் போன ஒரு கேள்விக்கு நேராக நிற்கின்றன.

மற்ற டிஸ்ட்ரோக்களும் இதே கேள்விகளை வேறு வேறு மாதிரி எழுதி வைக்கின்றன. சூசே தன் கர்னல் பேட்ச்களை, எதன் பின் எதைப் போடுவது என்று சொல்லும் வரிசைக் கோப்போடு, கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சிலும் மூலக் கர்னலின் எந்தப் பதிப்பில் இது சேர்ந்தது என்று ஒரு வரி கட்டாயம். சேரவில்லை என்றால் 'அனுப்பியிருக்கிறோம்' என்றோ, 'ஒருபோதும் சேராது' என்று காரணத்தோடோ எழுத வேண்டும். பிழை எண்ணையும் தனி வரியில் போட வேண்டும். இதனால் ஒரு சௌகரியம்: அடித்தளத்தைப் புதிய கர்னலுக்கு மாற்றும் நாளில், அந்தப் பதிப்புக்குள் வந்துவிட்டவை எவை என்று இயந்திரமே சலித்து எடுத்து நீக்கிவிடலாம். மிஞ்சுவதை மட்டும் மனிதர்கள் பார்த்தால் போதும்.

உபுண்டுவின் வழக்கம் எனக்குப் பிடித்தது. மூலக் கர்னலிலிருந்து வராத, தாங்களே சேர்த்த மாற்றங்களின் தலைப்பில் 'சாஸ்' என்று ஒரு அடையாளம் இடுகிறார்கள். பதிவுப் பட்டியலைக் கண்ணால் மேய்ந்தாலே சொந்தச் சரக்கு எது, வந்த சரக்கு எது என்று தெரிந்துவிடும். வந்த சரக்கிலும் இரண்டு வகையைப் பிரிக்கிறார்கள். அப்படியே எடுத்தது என்றால் 'செர்ரி பிக்' என்று எழுதுவார்கள், பழைய கர்னலுக்காகக் கைவைத்து மாற்றியது என்றால் 'பேக்போர்ட்' என்று எழுதி, என்ன மாற்றினோம் என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி சேர்ப்பார்கள். பின்னால் ஏதாவது உடைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டாவது வகையைத்தான்.

இதற்கெல்லாம் அடிப்படையாக மூலக் கர்னலிலேயே ஒரு ஒழுங்கு இருக்கிறது. கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு அடையாள எழுத்துத்தொடர் உண்டு. அதே மாற்றத்தை வேறு கிளைக்கு எடுத்துப் போனால் அந்த அடையாளம் மாறிவிடும். எனவே 6.1-இல் இருக்கும் திருத்தமும் 5.10-இல் இருக்கும் திருத்தமும் ஒன்றா என்று அடையாளத்தை வைத்துச் சொல்ல முடியாது. நிலையான கிளைகளில் வரும் ஒவ்வொரு மாற்றத்தின் குறிப்பிலும், லினஸின் கிளையில் இதன் அடையாளம் இன்னது என்று எழுதுவது அதனால்தான். லினஸின் கிளையில் சேராத திருத்தத்தை நிலையான கிளையில் ஏற்பதும் இல்லை, அரிதான விலக்குகள் தவிர. பழைய கர்னலுக்கு மட்டும் திருத்தம் போட்டுப் புதியதில் மறந்துவிட்டால், மேம்படுத்திய மறுநாளே பழைய பிழை திரும்ப வந்து நிற்கும்.

'ஃபிக்ஸஸ்' என்ற வரி இன்னும் உபயோகமானது. எந்தப் பழைய மாற்றம் இந்தப் பிழையை உண்டாக்கியதோ, அதன் அடையாளத்தில் குறைந்தது 12 எழுத்துகளும் தலைப்பும் அதில் இருக்கும். ஒரு டிஸ்ட்ரோவின் கர்னலில் அந்தப் பழைய மாற்றம் இல்லவே இல்லை என்றால் திருத்தமும் தேவையில்லை. இருக்கிறது என்றால் தேவை. பேக்போர்ட் செய்து செய்து கலவையாகிப்போன கர்னலில் இதை மனிதர்கள் நினைவில் வைத்துச் சொல்ல முடியாது, இந்த வரியைப் படித்து நிரல் சொல்லிவிடும்.

டர்ட்டி கவ் திருத்தத்தின் குறிப்பே இதற்கு நல்ல சான்று. அதில் லினஸ், இது மிகப் பழைய பிழை, பதினொரு வருடம் முன்பு நானே இதைச் சரிசெய்யப் பார்த்துச் சரியாகச் செய்யவில்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார். எந்த மாற்றத்தில் முயன்றார், ஐபிஎம்மின் எஸ்390 கணினிகளில் வந்த சிக்கலால் எந்த மாற்றத்தில் அது திரும்பப் பெறப்பட்டது என்று இரண்டு அடையாளங்களையும் கொடுத்திருக்கிறார். பதினொரு வருடப் பழசைத் தோண்டி எடுத்து நாலு வரியில் வைத்துவிட முடிந்ததென்றால், நடுவில் யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள் என்றுதான் பொருள்.

பாதுகாப்பு ஓட்டைகளுக்கு டெபியன் கர்னல் குழு தனியாக ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஓட்டைகளை அடையாளம் காட்டும் சி.வி.இ. எண் ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்துக் கோப்பு. அதற்குள் கிளைக்கு ஒரு வரி: மூலக் கர்னலில் எந்தப் பதிப்பில் அடைபட்டது, நிலையான கிளைகளில் எதில், டெபியனின் ஒவ்வொரு வெளியீட்டிலும் எந்தப் பொதி எண்ணில். அடைக்காத கிளைக்கு நேராக 'தேவை' என்று நிற்கும், பாதிக்கப்படாத கிளைக்கு 'பொருந்தாது'. எல்லா வரியும் முடிந்துவிட்டால் கோப்பு 'ஓய்வுபெற்றவை' அடைவுக்குப் போய்விடும். தரவுத்தளம் இல்லை, அலங்காரம் இல்லை. ஸ்கேனர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்பவர் பார்க்க வேண்டிய பதில் இம்மாதிரிப் பதிவில்தான் இருக்கிறது. பொதுமக்களுக்கென்று இதே தகவலை டெபியனின் பாதுகாப்புத் தடப்பதிவு தளமும் காட்டுகிறது.

2024 பிப்ரவரியில் இந்தப் பேரேட்டு வேலை பல மடங்கு கனத்துவிட்டது. அதுவரை கர்னல் ஓட்டைகளுக்கு சி.வி.இ. எண் வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். அந்த மாதம் கர்னல் திட்டமே எண் வழங்கும் உரிமையைப் பெற்றது. கர்னலில் எந்தப் பிழையும் ஏதோ ஒரு சூழலில் பாதுகாப்பு ஓட்டையாகலாம் என்பது அவர்கள் வாதம். அதனால் தாராளமாக எண் கொடுக்கிறார்கள், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு எண்ணோடும் பிழை நுழைந்த மாற்றமும் அடைத்த மாற்றமும் ஜோடியாகப் பதிவாகின்றன. ஒவ்வொரு சி.வி.இ.யையும் ஆள் வைத்து ஆராய்ந்துவந்த டிஸ்ட்ரோக்கள் இதனால் திணறின. ஆனால் அந்த ஜோடிப் பதிவு இருப்பதால், எங்கள் கர்னலில் இது இருக்கிறதா என்ற கேள்விக்காவது கையால் தேட வேண்டியதில்லை. இது எவ்வளவு தீவிரமானது என்ற கேள்விக்குத்தான் இன்னும் ஆள் வேண்டும்.

எல்லோரும் எல்லா நேரமும் இப்படித் திறந்து வைத்ததில்லை. ரெட் ஹேட் முன்பெல்லாம் மூலக் கர்னலையும் தன் பேட்ச்களையும் தனித்தனியாகவே கொடுத்துவந்தது. 2010 நவம்பரில் வந்த எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஆறாம் பதிப்பில், எல்லா பேட்ச்களையும் போட்டு முடித்த கர்னலை ஒரே மொத்தையாகக் கொடுத்தது. 2011 தொடக்கத்தில் இது வெளியே தெரிந்து சண்டையானது. தங்கள் வேலையை எடுத்துக்கொண்டு தங்கள் வாடிக்கையாளர்களையே இழுக்கும் போட்டியாளர்களுக்கு வசதி செய்து தர முடியாது என்ற ரீதியில் நிறுவனம் பதில் சொன்னது. நிரல் முழுக்கக் கிடைக்கிறது, ஆக உரிமத்தை மீறவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. ஆனால் மூலக் கர்னலுக்கும் அந்த மொத்தைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆயிரக்கணக்கான மாற்றங்களில் எது எதற்காக என்று எப்படிப் பிரிப்பது? போட்டியாளரான ஆரக்கிள், தன்னிடமிருந்த கே-ஸ்ப்லைஸ் என்ற குழுவை வைத்து மொத்தையை மறுபடி தனித்தனி பேட்ச்களாகப் பிரிக்கும் வேலையில் இறங்கி, 2012 நவம்பரில் ரெட்பேட்ச் என்ற பெயரில் அதைப் பொதுவில் வைத்தது.

வணிகக் காரணம் புரிகிறது. ஆனாலும் அடிபட்டது ஆரக்கிள் மட்டும் இல்லை. டெபியன் போன்ற, சம்பளமில்லாதவர்கள் பலர் உழைக்கும் டிஸ்ட்ரோக்களும் ரெட் ஹேட்டின் பிரித்த பேட்ச்களைப் பார்த்துத்தான் பல திருத்தங்களைத் தெரிந்துகொண்டிருந்தன. பின்னாளில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 9 வந்தபோது, அதன் கர்னல் கிட்லாபில் தனித்தனி மாற்றங்களாக, குறிப்புகளோடு பார்க்கும்படி வைக்கப்பட்டது.

இதை வாசிப்பவர்களில் சிலராவது அலுவலகத்தில் ஒரு சின்ன கர்னல் பேட்ச்சை வைத்திருப்பீர்கள். ரௌட்டர் செய்யும் நிறுவனமாக இருக்கலாம், ஏதோ ஒரு பழைய சீரியல் கார்டுக்காக டிரைவரில் கைவைத்த ஆலையாக இருக்கலாம். உங்களுக்கு டெபியனின் அளவுக்குப் பேரேடு தேவையில்லை. ஆனால் மூலக் கர்னலைத் திருத்தி ஒரே மரமாக வைத்துவிடாதீர்கள். மாற்றங்களைத் தனித்தனிக் கோப்பாக வரிசைக் கோப்போடு வையுங்கள். அதற்கென்றே கர்னல் நிரலாளர் ஆண்ட்ரூ மார்ட்டனின் பழைய ஸ்கிரிப்டுகளிலிருந்து வளர்ந்த க்வில்ட் என்ற கருவி இருக்கிறது. கிட்டிலேயே தனிக் கிளையாக வைத்தாலும் சரிதான். ஒரு பேட்ச்சில் ஒரு காரணம் மட்டும் இருக்கட்டும். 'சின்னச் சின்னத் திருத்தங்கள்' என்ற பெயரில் நான்கு விஷயங்களைக் கட்டிவைத்த பேட்ச்சை, அவற்றில் இரண்டு மூலக் கர்னலில் சேர்ந்த பிறகு பிரித்தெடுப்பது நரக வேதனை.

தலைக்குறிப்பில் எழுதும்போது நிரல் என்ன செய்கிறது என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டாம், அது கீழேயே இருக்கிறது. எந்த வன்பொருளில், என்ன அறிகுறி தெரிந்தது என்று எழுதுங்கள். இந்த பேட்ச் இல்லாமல் துவக்கினால் என்ன பிழைச் செய்தி வரும் என்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். இன்னும் வேண்டுமா என்று இரண்டு வருடம் கழித்துச் சோதிக்கப்போகிறவருக்கு இதைவிட உதவியான வரி வேறில்லை. மூலத்துக்கு அனுப்பியிருந்தால் முகவரி, அனுப்பவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி. எப்போது நீக்கலாம் என்பதையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்: 'அந்த கார்டு மாற்றப்பட்டதும்', '6.12-க்குப் போனதும்' என்பது மாதிரி.

உங்கள் கணினியில் டிஸ்ட்ரோ போட்ட பேட்ச்களைப் பார்க்க விருப்பமிருந்தால் எளிய வழி உண்டு. டெபியன், உபுண்டு வகையறாக்களில் ஆப்ட் சேஞ்ச்லாக் கட்டளைக்குப் பக்கத்தில் கர்னல் பொதியின் பெயரைக் கொடுத்தால் பதிப்பு வாரியாக மாற்றங்களின் பட்டியல் ஓடும். ரெட் ஹேட், சூசே வகையில் ஆர்பிஎம் -க்யூ கட்டளையோடு சேஞ்ச்லாக் என்ற தெரிவைச் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டியல் நீளமானது, சி.வி.இ. எண்ணைக் கொடுத்துத் தேடினால் போதும். அந்த எண் எந்தப் பொதி எண்ணுக்குக் கீழே வருகிறதோ, அதை யூநேம் காட்டும் முழு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எண் அதற்குச் சமமாகவோ பிந்தையதாகவோ இருந்தால், அந்த இரண்டு வரிகளையும் நகலெடுத்து ஸ்கேனர் அறிக்கையோடு இணைத்து அனுப்பிவிடலாம்.